பழைய கோயிலை இடிக்காமல் சபைக்கு இடம் கூட்ட வழி உண்டா?

பனங்காட்டான்
எங்கள் ஊர் சாத்தான்குளத்துக்குத் தெற்கே. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. கோயில் 1891-ல் பிரதிஷ்டை ஆனது, முகப்பில் கல் பதித்திருக்கிறது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர், கனம் இரண்டேகால் அடி. தேக்குச் சட்டத்தின் மேல் மங்களூர் ஓடு. உள்ளளவு 72 அடிக்கு 30 அடி, அதில் பீடத்துக்கு 14 அடி போய்விடும். கட்டிய காலத்தில் நூறு குடும்பம்கூட இருந்திருக்காது. இன்றைக்கு வரிப் புத்தகத்தில் 340 குடும்பம்.

ஞாயிறு ஆராதனைக்கு 380 பேர் வருகிறார்கள். பாதிக்கு மேல் உள்ளே, மீதிப்பேர் முகப்பு வராண்டாவிலும் வேப்பமரத்தடியிலும். மழை வந்தால் பிரசங்கம் யார் காதிலும் விழாது. வடக்குச் சுவரில் ஈரம் ஏறி பூச்சு உதிர்கிறது. கூரை நாலு இடத்தில் ஒழுகுகிறது.

போன மாதம் சேகரக் கமிட்டியில், அதாவது சபை நிர்வாகக் குழுவில், பேச்சு எடுத்தார்கள். பாதிப்பேர் "இடித்துவிட்டு காங்கிரீட்டில் புதுசாகக் கட்டலாம்" என்கிறார்கள். மற்றவர்களுக்கு அதைக் கேட்டதுமே கண் கலங்கிவிட்டது. நான் கமிட்டியில் செயலாளர். இரண்டு பக்கமும் என் சொந்தக்காரர்கள்தான். அடுத்த கூட்டத்துக்கு முன்னால் விவரம் தெரிந்தவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று இங்கே எழுதுகிறேன். கையிருப்பு 38 லட்சம்.

மஸ்கட்வாசி
அண்ணாச்சி, நானும் உங்கள் பக்கத்து ஊர்தான். எங்கள் ஊரில் பழையதை இடித்துவிட்டு 2014-ல் புதுக் கோயில் கட்டினோம். நான் ஒரு மாதச் சம்பளத்தை முழுசாக அனுப்பினேன், அதில் இன்றைக்கும் வருத்தமில்லை. 600 பேர் தாராளமாக உட்காரலாம். நடுவில் ஒரு தூண் கிடையாது, எங்கே உட்கார்ந்தாலும் பீடம் தெரியும். பழைய கோயிலில் வருஷா வருஷம் ஓடு மாற்றியே பணம் கரைந்தது. ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு இன்னொரு 20 வருஷம் ஓட்டுவதைவிட, ஒரே தடவையில் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கட்டிவிடுவது நல்லது. கோயில் என்பது சபைதான், சுவர் இல்லை.

வெளிவராண்டா
நான் எங்கள் சபையில் ஏழு வருஷமாக வெளியே உட்காருகிறவள். அம்மாவுக்குப் பக்கவாதம், சக்கர நாற்காலி. வாசலில் நாலு படி. தூக்கி விட ஆள் இருக்கிற வாரம் உள்ளே, இல்லாத வாரம் வெளியே. வெளியே இருந்தால் ஒலிபெருக்கியில் சத்தம் வரும், ஆனால் ஐயர் (போதகர்) முகம் தெரியாது. நற்கருணைக்கு அவரே இறங்கி வந்து கொடுப்பார், அது வேறு விஷயம்.

அண்ணன், உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இடிப்பதா வேண்டாமா என்று பேசும் முன்னால், இப்போது வெளியே உட்காருகிறவர்கள் யார் யார் என்று ஒரு நாலு வாரம் எழுதிப் பாருங்கள். எங்கள் ஊரில் அப்படி எழுதிப் பார்த்தபோது கைக்குழந்தைக்காரிகள், முட்டி வலிக்காரர்கள், தாமதமாக வருகிற பையன்கள் என்று மூன்று கூட்டம் இருந்தது. பையன்களுக்கு உள்ளே இடம் இருந்தாலும் வெளியேதான் நிற்பார்கள். மற்ற இரண்டு கூட்டத்துக்கும் வேண்டியது வேறு.

கொத்தனார்மகன்
நான் மூன்றாம் தலைமுறை. தாத்தா சுண்ணாம்பு அரைத்தவர். அப்பா காலத்தில் சிமெண்டுக்கு மாறிவிட்டோம், இப்போது நான் திரும்பச் சுண்ணாம்பு வேலை எடுக்கிறேன்.

வடக்குச் சுவர் ஈரம் பற்றி மட்டும் சொல்கிறேன். அந்தச் சுவரில் கடந்த 20, 30 வருஷத்தில் யாராவது சிமெண்டுப் பூச்சு பூசினார்களா? உள்ளே தரையில் வழவழ டைல்ஸ் போட்டீர்களா? வெளியே சுற்றிலும் பேவர் பிளாக் உண்டா?

பனங்காட்டான்
மூன்றும் உண்டு. சிமெண்டுப் பூச்சு 1998-ல். டைல்ஸ் 2009-ல், நூற்றாண்டைத் தாண்டிய கோயிலுக்கு அழகு வேண்டும் என்று போட்டோம். பேவர் பிளாக் மூன்று வருஷம் முன்னால்.

கொத்தனார்மகன்
அப்போது சுவர் மேல் குற்றமில்லை அண்ணாச்சி.

சுண்ணாம்புச் சுவர் மண்ணிலிருந்து ஈரம் இழுக்கத்தான் செய்யும். இழுத்த ஈரத்தை வெயிலிலும் காற்றிலும் வெளியே விட்டுவிடும். 100 வருஷமாக அப்படித்தான் இருந்தது. நீங்கள் தரையை டைல்ஸால் அடைத்தீர்கள், வெளித் தரையை பேவர் பிளாக்கால் அடைத்தீர்கள், சுவரைச் சிமெண்டால் அடைத்தீர்கள். ஈரம் போக ஒரே வழி மேலே ஏறுவதுதான். ஏறும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு போகும். பூச்சுக்குப் பின்னால் உப்பு பூத்து, பூச்சைத் தள்ளிவிடும். வடக்குச் சுவரில் வெயில் குறைவு, அதனால் அங்கே முதலில் தெரிகிறது. இன்னும் பத்து வருஷத்தில் தெற்கிலும் தெரியும்.

செய்ய வேண்டியது: சுவரை ஒட்டி இரண்டடி அகலத்துக்கு பேவர் பிளாக்கை எடுத்துவிட்டு ஜல்லி போடுங்கள். சிமெண்டுப் பூச்சை உள்ளும் புறமும் கொத்தி எடுங்கள். அப்புறம் அவசரப்படக் கூடாது. ஒரு கோடை முழுக்கச் சுவர் வெறும் உடம்போடு காய வேண்டும். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், சபையில் முணுமுணுப்பும் வரும், தாங்கிக்கொள்ளுங்கள். காய்ந்த பிறகு சுண்ணாம்புப் பூச்சு. நீற்றின சுண்ணாம்பைத் தண்ணீருக்குள் வாரக்கணக்கில் புளிக்க விட வேண்டும். ஒரு பங்குக்கு மூன்று பங்கு மணல், கடுக்காய் ஊறிய தண்ணீர், கருப்பட்டித் தண்ணீர். உங்கள் ஊரில் கருப்பட்டிக்குப் பஞ்சமில்லை. தேரிச் செம்மணலும் கடற்கரை மணலும் மட்டும் வேண்டவே வேண்டாம். மேலே வெள்ளையடிப்பதும் சுண்ணாம்புதான், பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் பழையபடி மூடின கதைதான்.

பாளை_கட்டுமானம்
நான் கட்டமைப்புப் பொறியாளர். மேலே சொன்னதெல்லாம் சரி. கூரையைப் பற்றி நான் சேர்க்கிறேன், ஏனென்றால் நிறைய ஊரில் "சுவரை வைத்துக்கொண்டு கூரையை மட்டும் காங்கிரீட் போட்டுவிடலாம்" என்று ஒரு சமரசம் சொல்வார்கள். அதைச் செய்யாதீர்கள்.

ஒரு கனமீட்டர் காங்கிரீட் 2,500 கிலோ. ஐந்து அங்குலத் தளம் என்றால் சதுர மீட்டருக்கு 300 கிலோவுக்கு மேல். ஓடும் அதைத் தாங்கும் ரீப்பர் கட்டையும் சேர்ந்து 60, 70 கிலோதான் வரும். அந்தச் சுவரும் அஸ்திவாரமும் லேசான கூரைக்காகக் கட்டியவை. 30 அடி அகலத்துக்கு இடையில் தாங்கல் இல்லாமல் ஐந்து அங்குலத் தளம் நிற்கவும் நிற்காது, உத்திரம் வேண்டும், உத்திரத்தின் பாரம் சுவரில் புள்ளி புள்ளியாக இறங்கும். சுண்ணாம்புச் சுவர் பரவலான பாரத்தைத் தாங்கும், புள்ளிப் பாரத்தில் பிளக்கும்.

இன்னொன்று. மரச் சட்டங்களின் அடியில் சுவருக்குச் சுவர் படுத்திருக்கும் குறுக்கு உத்திரத்தை, "உயரம் குறைவாகத் தெரிகிறது, ஃபேன் இடிக்கிறது" என்று சிலர் அறுத்துவிடுவார்கள். இரண்டு சுவரையும் வெளியே சாயவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான். நான் பார்த்த ஒரு கோயிலில் அப்படி அறுத்த பிறகு சுவர் மேல்பக்கம் ஒன்றரை அங்குலம் வெளியே போயிருந்தது.

உங்கள் கோயிலில் சட்டத்தின் நுனிகளைப் பாருங்கள். சுவருக்குள் புதைந்திருக்கிற இடத்தில்தான் கரையானும் இற்றுப்போவதும் இருக்கும். நடுவில் தட்டிப் பார்த்துவிட்டு "தேக்கு இரும்பு மாதிரி இருக்கிறது" என்று இறங்கி வந்துவிடாதீர்கள்.

மஸ்கட்வாசி
பொறியாளர் சார், எல்லாம் சரி, இடம் எங்கே கூடுகிறது? சுவரைக் காய வைத்து, ஓடு மாற்றி, கடைசியில் அதே 1,740 சதுர அடிதானே? வேப்பமரத்தடியில் உட்காருகிறவன் அங்கேயேதான் இருப்பான்.

பாளை_கட்டுமானம்
நியாயமான கேள்வி. நாற்காலி, நடைபாதை எல்லாம் சேர்த்து ஆளுக்கு 7 சதுர அடி வைத்தால் உள்ளே 250 பேர்தான். 380 பேருக்கு இன்னும் 130 இடம் வேண்டும், பிள்ளைகள் வளருவதற்குக் கொஞ்சம் கூட. பனங்காட்டான் அண்ணாச்சி, கோயிலைச் சுற்றி நாலு பக்கமும் எவ்வளவு இடம் இருக்கிறது? ஜன்னல் எத்தனை, எப்படிப்பட்டது?

பனங்காட்டான்
மேற்கே முகப்பும் மணிக்கூண்டும், அதைத் தொட முடியாது. கிழக்கே பீடத்துக்குப் பின்னால் கல்லறைகள். பழைய ஊழியர்கள் அங்கேதான் அடக்கம். வடக்கே 30 அடி காலி இடம். தெற்கே காம்பவுண்டுக்கு 18 அடி. ஒவ்வொரு பக்கச் சுவரிலும் ஐந்து ஜன்னல், மேலே வளைவு வைத்தது, அகலம் நாலரை அடி.

பாளை_கட்டுமானம்
வளைவு வைத்த ஜன்னல் என்று சொன்னீர்களே, அதில் பாதிக் கவலை போய்விட்டது.

ஜன்னலுக்கு மேலே இருக்கிற சுவர்ப் பாரத்தை வளைவு ஏற்கெனவே தாங்கிக்கொண்டிருக்கிறது. ஜன்னலின் அடிப்பகுதிச் சுவரை மட்டும் தரை வரை எடுத்தால் ஜன்னல் வாசலாகிவிடும். வளைவைத் தொட வேண்டியதில்லை, புதிதாக உத்திரமும் வேண்டாம். இரண்டு பக்கமும் 12 அடி அகலம், 50 அடி நீளத்துக்குச் சாய்ப்பு (சுவரோரச் சரிவுக் கூரை) இறக்கினால் 1,200 சதுர அடி. 170 பேர். ஆக மொத்தம் 420. உங்கள் சாதாரண ஞாயிறுக்கு அது போதும். கிறிஸ்துமஸுக்கும் அசனத்துக்கும் (சபை விருந்து) பந்தல் போட்டுக்கொள்ளுங்கள், வருஷத்தில் நாலு நாளுக்காக மற்ற நாளெல்லாம் காலியாகக் கிடக்கிற கட்டடம் வேண்டாம்.

கவனிக்க வேண்டியவை: ஐந்தையும் ஒரே நேரத்தில் திறக்காதீர்கள். ஒன்று விட்டு ஒன்றாக, மெஷின் போட்டு அதிராமல், கையால் எடுங்கள். சாய்ப்பின் பாரத்தைப் பழைய சுவரில் ஏற்றாதீர்கள். அதற்குத் தனித் தூண், தனி அஸ்திவாரம். பழைய அஸ்திவாரத்தைவிட ஆழமாக அதன் ஓரத்தில் தோண்டக் கூடாது. புதுசுக்கும் பழசுக்கும் நடுவில் ஓர் அங்குல இடைவெளி. புதுக் கட்டடம் கொஞ்சம் அமரும், பழசு 130 வருஷம் முன்னாலேயே அமர்ந்துவிட்டது, இரண்டையும் இறுக்கிக் கட்டினால் விரிசல் விழும். அந்த இடைவெளியின் மேல் தகடு போட்டு மூடினால் மழைத் தண்ணீர் வராது.

குமரி_ஓய்வாசிரியர்
பிள்ளைகளே, நல்ல பேச்சு. 41 வருஷம் வரலாறு நடத்தியவன் என்பதால் இரண்டு கோயில்களை நினைவுபடுத்துகிறேன். இரண்டும் கத்தோலிக்கக் கோயில்கள்தான், ஆனாலும் நமக்குப் பாடம் உண்டு.

வேளாங்கண்ணியை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் இன்றைக்குப் பார்க்கிற உருவம் ஒரே நாளில் வந்ததில்லை. 1933-ல் இரண்டு பக்கமும் சிறகு கட்டினார்கள். 1962-ல் பசிலிக்கா என்ற தகுதி கிடைத்தது. கூட்டம் தாங்காமல் 1970-களில் பின்பக்கம் இரண்டு அடுக்காக நீட்டினார்கள். மாதா சொரூபம் இருக்கிற இடத்தை நடுவில் வைத்துக்கொண்டே சுற்றிலும் பெரிதாக்கிக்கொண்டு போனார்கள். அவ்வளவு கூட்டம் வருகிற கோயிலிலேயே சேர்த்துக் கட்ட முடிந்திருக்கிறது.

அடுத்தது வடக்கன்குளம். உங்களுக்குப் பக்கம்தான். 1872-ல் கட்டிய திருக்குடும்பக் கோயில். மேலேயிருந்து பார்த்தால் கால்சட்டை மாதிரி இரண்டு கால், நடுவில் பீடம். ஒரு சாதியார் ஒரு காலில், மற்றவர்கள் மறு காலில், இவர்கள் அவர்களைப் பார்க்காமல் பூசை காண்பதற்காகவே அப்படிக் கட்டியது. நடுவில் இருந்த தடுப்புச் சுவரை 1910-ல் இடித்தார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், தனி இடம் கேட்டவர்கள் தோற்றார்கள்.

இதை ஏன் சொல்கிறேன்? சாய்ப்பு இறக்குவது எளிது. இறக்கின பிறகு அந்தச் சாய்ப்பில் யார் உட்காருவார்கள்? இரண்டேகால் அடிச் சுவர் நடுவில் நிற்கும். நடுக்கூடத்தில் பழைய குடும்பங்கள், சாய்ப்பில் பின்னால் வந்து சேர்ந்த குடும்பங்கள் என்று ஒரு வழக்கம் விழுந்துவிட்டால், அதை மாற்றுவதற்கு இன்னொரு தலைமுறை ஆகும். வரைபடம் போடும் முன்னாலேயே இதைச் சபைக்கூட்டத்தில் வாய்விட்டுப் பேசி எழுதி வைத்துவிடுங்கள். பேசக் கூச்சமாக இருக்கும். கூச்சப்பட்டால் கட்டடம் நமக்காகப் பேசிவிடும்.

வெளிவராண்டா
சார் சொன்னதைப் படித்து ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊரில் சக்கர நாற்காலிக்கு என்று "வசதியான இடம்" ஒதுக்கினார்கள். செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில். நல்ல மனசோடுதான் ஒதுக்கினார்கள். ஆனால் அம்மா ஒரு நாள் கேட்டாள், "என்னை ஏன் எப்பவும் வாசலிலேயே வைக்கிறீங்க?"

சாய்வுதளம் கட்டும்போது அளவு பாருங்கள். ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம். உங்கள் கோயில் தரை இரண்டடி உயரம் என்றால் 24 அடி வேண்டும். சும்மா எட்டு அடியில் செங்குத்தாக வைத்துவிட்டு "ராம்ப் இருக்கிறதே" என்பார்கள், அதில் நாற்காலியைத் தள்ளி ஏற்றவும் முடியாது, இறக்கும்போது பிடிக்கவும் முடியாது. உள்ளே வந்த பிறகு முன்வரிசையில் ஒரு பெஞ்சைக் குறைத்து இடம் விடுங்கள். கைக்குழந்தைக்காரிகளையும் சாய்ப்புக்கு அனுப்பிவிடாதீர்கள் அண்ணன். பிள்ளை அழுதால் எழுந்து போக வழி இருந்தால் போதும்.

கொயர்_தம்பி
நான் பாடகர் குழுவில் ஆர்கன் வாசிக்கிறேன், வயசு 22. பெரியவர்கள் பேசுகிற இடத்தில் ஒரு சின்ன விஷயம்.

மஸ்கட்வாசி அண்ணன் ஊரில் கட்டினது மாதிரி ஒரு புதுக் கோயிலில் கீத ஆராதனைக்குப் போனோம். காங்கிரீட் கூரை, கண்ணாடி ஜன்னல், கிரானைட் தரை. நாங்கள் ஒரு வரி பாடி முடித்தபிறகும் முந்தின வரி சுற்றிக்கொண்டே இருந்தது. நாலு குரலில் பாடினது ஒரே இரைச்சல். ஐயர் பிரசங்கத்தில் ஒவ்வொரு வார்த்தைக்கும் நிறுத்தி நிறுத்திப் பேசினார். ஓட்டுக் கூரையில் சத்தம் அங்கங்கே கசிந்து போய்விடும், அதனால் வார்த்தை தெளிவாக இருக்கும்.

சாய்ப்பில் ஸ்பீக்கர் வைக்கும்போது பெரிய பெட்டி ஒன்று முன்னால் வைக்காமல், சின்னப் பெட்டிகளை வரிசையாகக் குறைந்த சத்தத்தில் வைக்கச் சொல்லுங்கள். பின்னால் இருக்கிற பெட்டிக்கு ஒலியைக் கொஞ்சம் தாமதப்படுத்தி விட வேண்டும், இல்லாவிட்டால் ஐயர் குரல் இரண்டு தடவை கேட்கும்.

மஸ்கட்வாசி
தம்பி சொன்னது உண்மை. எங்கள் கோயிலில் எதிரொலி உண்டு, அதைச் சரிசெய்ய மறுபடியும் பணம் பிரித்தோம். நான் அதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

ஆனாலும் ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. 12 அடிச் சாய்ப்பில் கடைசி வரிசையில் இருக்கிறவருக்குப் பீடம் தெரியுமா? நடுவில் சுவர்த் துண்டுகள் நிற்கின்றனவே. எங்கள் கோயிலில் நான் ரொம்ப மதிப்பது அதைத்தான், எல்லாருக்கும் எல்லாம் தெரியும்.

பாளை_கட்டுமானம்
எல்லா இடத்திலிருந்தும் தெரியாது. இதை மறைத்து யாரிடமும் வரைபடம் காட்டக் கூடாது. முன்பக்கம் இரண்டு வாசலுக்கு நேரே இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும், பின்னால் போகப் போகக் குறையும். செய்யக்கூடியது, பெஞ்சுகளைப் பீடத்தைப் பார்த்துச் சாய்வாகப் போடுவது, பிரசங்க பீடத்தையும் வேதபாட மேசையையும் ஆறடி முன்னால் கொண்டுவருவது. அப்படிச் செய்தால் முக்கால்வாசிப் பேருக்கு ஐயர் முகம் தெரியும். முழுதும் தெரிய வேண்டும் என்றால் பக்கச் சுவரை எடுத்துத் தூண் நிறுத்த வேண்டும். முட்டுக் கொடுத்துச் செய்யலாம், முடியாததில்லை. ஆனால் 38 லட்சத்தில் முடியாது, அனுபவமில்லாத ஆளிடம் கொடுத்தால் ஆபத்து.

பனங்காட்டான்
எல்லாருக்கும் நன்றி. அனுமதி விஷயம் யாருக்காவது தெரியுமா? மஸ்கட், துபாய்ப் பிள்ளைகள் பணம் தருவதாகச் சொல்கிறார்கள். வெளிநாட்டுப் பணம் வாங்கினால் சிக்கல் என்று ஒருவர் பயமுறுத்துகிறார்.

குமரி_ஓய்வாசிரியர்
இதில் நான் எங்கள் சேகரத்துக்காக அலைந்திருக்கிறேன். நிலமும் கட்டடமும் பெரும்பாலும் ஓர் அறக்கட்டளைச் சங்கத்தின் பெயரில் இருக்கும், ஆகவே திருமண்டலத்தின், அதாவது பேராயர் நிர்வாகத்தின், ஒப்புதல் முதலில். சேகரக் கமிட்டித் தீர்மானம் மட்டும் போதாது. அப்புறம் உள்ளாட்சிக் கட்டட அனுமதி. பொது வழிபாட்டுக் கட்டடம் என்பதால் கலெக்டர் அலுவலகத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள். வேலையை ஆரம்பித்துவிட்டுக் கேட்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

பணம் பற்றி: வெளிநாட்டில் வேலை செய்கிற இந்தியக் குடிமகன், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது 2010-ம் வருஷத்து வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டப்படி வெளிநாட்டுப் பணம் ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் ஆகும், அவர் நம் ஊரில் பிறந்தவராக இருந்தாலும் சரி. ஆகவே ஒவ்வொருவரிடமும் பாஸ்போர்ட் எந்த நாடு என்று கேட்டு எழுதி வையுங்கள். தமிழ்நாடு அரசு தேவாலயங்களைப் பழுதுபார்க்க மானியம் தருகிறது, பத்து வருஷத்துக்கு மேற்பட்ட கட்டடத்துக்கு. மாவட்டச் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். வெளிநாட்டு உதவி வாங்கியிருக்கக் கூடாது என்பது அதில் நிபந்தனை, அதனால்தான் முதல் விஷயத்தில் கவனம் வேண்டும் என்கிறேன்.

பொறுமையும் வேண்டும். இடையன்குடியில் கால்டுவெல் 1847-ல் ஆரம்பித்த கோயில் 1880-ல்தான் முடிந்தது. 33 வருஷம். காசு வந்தபோது கட்டினார், வராதபோது நிறுத்தினார்.

பனங்காட்டான்
நாலு மாதம் கழித்து எழுதுகிறேன். நடந்ததைச் சொல்ல வேண்டியது என் கடமை.

அந்த அக்கா சொன்னபடி நாலு ஞாயிறு வெளியே உட்காருகிறவர்களை எழுதினோம். எழுதின பையன்கள் வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள். சராசரியாக 140 பேர். அதில் 31 பேர் முட்டி, இடுப்பு வலியால் படி ஏற முடியாதவர்கள். இதில் என் பெரியம்மாவும் ஒருத்தி. கோயிலுக்குள் கால் வைத்து மூன்று வருஷம் ஆகிறதாம். நான் வாராவாரம் முன்வரிசையில் காணிக்கை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன், இது எனக்குத் தெரியவே தெரியாது.

இந்தப் பட்டியலைச் சபைக்கூட்டத்தில் வாசித்தேன். அதன் பிறகு யாரும் இடிப்பது பற்றி முதலில் பேசவில்லை, படி பற்றித்தான் பேசினார்கள். திருமண்டலத்துக்குத் தீர்மானம் போயிருக்கிறது. அனுமதி வருவதற்குள், கட்டட அமைப்பைத் தொடாத வேலைகளைச் செய்கிறோம். பேவர் பிளாக் எடுத்தாயிற்று. வடக்குச் சுவர் சிமெண்டைக் கொத்தினோம். கொத்தனார்மகன் தம்பி ஒரு நாள் வந்து பார்த்தார், பயணச் செலவைத் தவிர ஒன்றும் வாங்கவில்லை. உள்ளே பழைய சுண்ணாம்பு இன்னும் கெட்டியாக இருக்கிறது.

சட்டம் ஒன்பதில் இரண்டின் வடக்கு நுனி இற்றுப்போயிருந்தது. பொறியாளர் சொன்ன மாதிரியே, நடுவில் கல் போல இருந்தது, நுனியில் விரல் போனது.

சாய்ப்பில் யார் உட்காருவது என்பதையும் பேசினோம். கொஞ்சம் சத்தம் வந்தது. கடைசியில் கமிட்டி உறுப்பினர்களின் குடும்பம் முதல் ஒரு வருஷம் சாய்ப்பில் உட்காருவது என்று தீர்மானம். முன்மொழிந்தது என் மாமனார், இடிக்கத்தான் வேண்டும் என்று நின்றவர்.

வெளிவராண்டா
அண்ணன், உங்கள் பெரியம்மா உள்ளே வருகிற அன்றைக்கு ஒரு வரி எழுதுங்கள்.

பனங்காட்டான்
மறுபடியும் நான். அடுத்த வருஷம் ஆகிவிட்டது. அனுமதி வந்து, வடக்குச் சாய்ப்பு முடிந்தது. தெற்குக்கு இன்னும் பணம் சேரவில்லை, அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு அப்புறம் பார்க்க வேண்டும். ஜன்னல் அடிச் சுவரை எடுக்கும்போது மூன்றாவது வளைவில் மயிரிழை விரிசல் தெரிந்தது, வேலையை நிறுத்தினோம். பொறியாளர் வந்து கண்ணாடித் துண்டு ஒட்டி ஆறு வாரம் பார்க்கச் சொன்னார். கண்ணாடி உடையவில்லை, பழைய விரிசல்தான். சுண்ணாம்புக் கூழ் செலுத்தி மூடினோம். டைல்ஸை எடுத்துவிட்டு எங்கள் பக்கத்துக் கல் போட வேண்டும், அதற்கும் காசில்லை, ஓரத்தில் மட்டும் ஓரடி அகலத்துக்கு எடுத்துவிட்டிருக்கிறோம்.

கடைசி வரிசையில் இருப்பவர்களுக்குப் பீடம் தெரியவில்லை என்ற குறை இருக்கிறது. மஸ்கட்வாசி தம்பி முன்கூட்டியே கேட்டது சரிதான். பெஞ்சைச் சாய்த்துப் போட்டும் 20 பேருக்குத் தூண்தான் தெரிகிறது.

அக்கா, பெரியம்மா இரண்டாம் ஞாயிறு வந்தாள். சாய்வுதளம் 24 அடி. பாதியில் நின்று மூச்சு வாங்கினாள், கைப்பிடி இருந்ததால் பரவாயில்லை. அங்கே ஒரு திட்டு கட்டச் சொல்லியிருக்கிறேன், உட்கார்ந்து எழுந்திருக்க.

இப்போது ஓர் உதவி. வடக்குச் சாய்ப்புக்கு 22 பெஞ்ச் வேண்டும். மாற்றின சட்டத்துண்டுகளில் நல்ல தேக்கு மீதம் இருக்கிறது, அதிலேயே கால்கள் செய்துவிடலாம் என்று நினைக்கிறோம். பழைய மரத்தில் வேலை தெரிந்த ஆசாரி யாராவது இருக்கிறாரா?

கொத்தனார்மகன்
உடன்குடிப் பக்கம் ஒருவர் இருக்கிறார் அண்ணாச்சி, பழைய வீட்டுக் கதவு வேலை செய்கிறவர். நாளைக்கு அவரிடம் கேட்டுவிட்டு நம்பரைத் தனியாக அனுப்புகிறேன். அறுக்கும் முன்னால் மரத்தில் பழைய ஆணி இருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், வாள் போய்விடும்.